தேர்வில் முந்தும் மகளும் தேர்வுக்கு வாராத மகனும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் மே திங்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவருகின்ற நாளில், நம் செய்தித்தாள்கள் ஒரே தலைப்பைத் தூசு தட்டி எடுத்து அச்சிடுகின்றன. வழக்கம்போல் மாணவியரே முதன்மை என்பது அத்தலைப்பு. 2023-இல் மாணவியருள் தேர்ந்தோர் 96.38 விழுக்காடு, மாணவருள் 91.45. 2024-இல் மாணவியர் 96.44, மாணவர் 92.37. 2025-இல் மாணவியர் 96.70, மாணவர் 93.16. பத்தாம் வகுப்பிலும் இதே நிலைதான். 2025-இல் மாணவியர் 95.88, மாணவர் 91.74. பார்த்துப் பார்த்துப் பழகிப்போனமையால், இது கிழக்கே கதிரவன் எழுவது போன்ற நிகழ்ச்சி என்றே நாம் எண்ணத் தலைப்பட்டு விட்டோம். 'வழக்கம்போல்' என்னும் அவ்வொரு சொல் நம் எண்ணத்திற்குத் தாழிட்டு விடுகின்றது.

இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் எனக்குத் தந்த தலைப்புப் 'பெண்கல்வியின் வெற்றி' என்பது. வெற்றி என்பதை நான் மறுக்கவில்லை. முப்பதாண்டுக்கு மேலாக அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவன் நான். அவ்வெற்றியை விடைத்தாள்களிலேயே கண்டு மகிழ்ந்தவன். ஆனால், வென்றவள் எதற்காக வென்றாள், தோற்றவன் எங்கே தோற்றான், வெற்றியின் விளைச்சல் எவர் களத்திற்குப் போய்ச் சேர்ந்தது என்பவற்றைக் கேளாமல் மாலை மட்டும் சூட்டிவிட்டுப் போவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

முதலில் இயற்கை என்னும் பேச்சை எடுத்துக்கொள்வோம். நூறாண்டுக்கு முன்பு பெண்ணுக்குக் கல்வி ஏறாது என்றனர். அவள் மூளை எடை குறைந்தது என்றனர். அடுப்பங்கரையே அவளுக்கு இயற்கை வகுத்த இடம் என்றனர். இன்றோ, பெண்பிள்ளைகள் இயல்பாகவே பொறுமையுடையவர்கள், ஓரிடத்தில் உட்கார்ந்து படிப்பார்கள் என்றும், ஆண்பிள்ளைகள் இயல்பாகவே துடிப்புடையவர்கள், அவர்களுக்கு ஏட்டுப் படிப்பு ஒத்துவாராது என்றும் கூறுகின்றனர். அன்று சொன்னவரும் இயற்கை என்றார். இன்று சொல்பவரும் இயற்கை என்கின்றார். ஒரே இயற்கை மூன்று தலைமுறைக்குள் தலைகீழாகத் திரும்புமா?

1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில், இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1951-இல் அது 8.86 விழுக்காடு, ஆண்களில் 27.16. தமிழ்நாட்டில் 1991-இல் ஆண்கள் 73.75 விழுக்காடும் பெண்கள் 51.33 விழுக்காடும் எழுத்தறிந்திருந்தனர். 2011-இல் ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. இவ்வெண்களையும் நான் முன்பு சொன்ன தேர்ச்சி எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட தாய்க்கும் பின்வந்த மகள்தான் இன்று தேர்வில் முந்துகின்றாள். ஒரே குருதி, ஒரே வீடு, ஒரே அடுப்பங்கரை. மாறியது கதவு ஒன்றே. கதவு திறந்தது, அவள் உள்ளே போனாள்.

பழம்பெருமை பேசுவதில் நாம் யார்க்கும் இளைத்தவர் அல்லோம். கழகக் காலப் பெண்பாற் புலவர் முப்பதின்மருக்கும் மேற்பட்டவர் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். வெண்ணிக்குயத்தியார் மட்கலம் வனையும் குடியினர். குறமகள் இளவெயினி மலைக்குடியினர். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பதிற்றுப்பத்துள் ஆறாம் பத்தைப் பாடிச் சேரனிடம் பொன்னும் காணமும் பரிசிலாகப் பெற்றவர். எல்லாம் உண்மையே. ஆனால், குயவர் குடிப்பெண் ஒருத்தி கரிகாலனின் போரைப் பாடிய அதே நாடு, பெண்ணுக்கு எழுத்தே வேண்டாம் என்னும் நிலைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை அம்மேடைகளில் எவரும் பேசுவதில்லை. வந்தவன் கெடுத்தான் என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றோம். வந்தவனே கெடுத்தான் என்று வைத்துக்கொண்டாலும், அக்கேட்டைத் தன் வாயிற்படிக்குள் பல நூற்றாண்டு கட்டிக் காத்தவன் தமிழ்த் தந்தையும் தமிழ்க் கணவனும் அல்லரோ? இதைச் சொல்வதற்கு நாணவேண்டியதில்லை. நம் வீட்டுக் குப்பையை நாமே கூட்ட வேண்டும்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலக்குமி அம்மையாரின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1904-இல் அவர் அவ்வூர் மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது, ஒரு பெண் உள்ளே வந்தால் தம் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் எதிர்த்தனர். புதுக்கோட்டை மன்னர் ஆணையிட்ட பிறகே இடம் கிடைத்தது. 1912-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்தார். இவ்வம்மையார்க்கு ஆற்றல் இருந்தது என்பதைக் காட்ட நான் இதைச் சொல்லவில்லை. புதுக்கோட்டையில் அவரை ஒத்த ஆற்றலோடு அவ்வாண்டில் எத்துணைப் பெண்கள் இருந்தனரோ! அவர்களுக்கு மன்னர் ஆணை கிடைக்கவில்லை. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

வேறு நாடுகளிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்துக் கணக்குத் தேர்வில், 1890-ஆம் ஆண்டு பிலிப்பா பாசெட்டு என்னும் மங்கை முதலிடம் பெற்ற ஆடவனினும் மிகுந்த மதிப்பெண் பெற்றார். ஆனால் அவருக்குப் பட்டம் தரப்படவில்லை. பெண் தேர்வு எழுதலாம், பட்டம் பெறலாகாது என்பது அங்கு விதித்திருந்த முறை. 1948-இல்தான் அம்முறை ஒழிந்தது. கணக்கு ஆணின் துறை, மொழி பெண்ணின் துறை என்று இன்றும் கூறுவோர் உளர். பதினைந்து அகவைப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் ஒருங்கே நடத்தப்பெறும் 'பீசா' தேர்வில், 2018-ஆம் ஆண்டு, வளர்ந்த நாடுகளின் சராசரியில் பெண்பிள்ளைகள் படித்துணரும் திறனில் 30 புள்ளி முந்தியிருந்தனர்; ஆண்பிள்ளைகள் கணக்கில் 5 புள்ளியே முந்தியிருந்தனர். 2003-ஆம் ஆண்டுத் தேர்விலோ ஐசுலாந்து நாட்டில் கணக்கிலும் பெண்பிள்ளைகளே முந்தினர். ஆண்மூளையின் இயற்கை கடல் கடந்து அத்தீவிற்குப் போனவுடன் மாறிவிட்டதா? நாட்டுக்கு நாடு மாறுவதை இயற்கை என்று எவரும் கூறார்.

இனி, நம் தேர்வுக் கூடத்திற்கு வருவோம். எனக்கு மிகவும் இன்றியமையாததாகப் படுவது தேர்ச்சி விழுக்காடு அன்று. தேர்வெழுத வந்தவர்களின் தலைக்கணக்கே ஆகும்.

2025-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதியோர் 7,92,494 பேர். அவருள் மாணவியர் 4,19,316, மாணவர் 3,73,178. மாணவியர் 46,138 பேர் மிகுதி. இப்பிள்ளைகள் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மூன்று, நான்கு அகவைக் குழந்தைகள். அக்கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு அகவைக்குட்பட்ட ஆண்குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண்குழந்தைகள் 943 பேரே. அஃதாவது, தொட்டிலில் ஆண்கள் மிகுதி. தேர்வுக் கூடத்தில் பெண்கள் மிகுதி. அத்தொட்டில் அளவுப்படி பார்த்தால் 4,19,316 மாணவியர்க்கு ஈடாக மாணவர் 4,44,000-க்கும் மேல் வந்திருத்தல் வேண்டும். வந்தவரோ 3,73,178. எழுபதாயிரவர் குறைகின்றனர். ஓர் ஆண்டில், ஒரு வகுப்பில், எழுபதாயிரம் ஆண்பிள்ளைகள்!

அவர்களுள் ஒரு பகுதியினர் பத்தாம் வகுப்போடு பல்தொழில்நுட்பப் பயிலகத்திற்கும் தொழிற்பயிற்சி நிலையத்திற்கும் போயிருப்பர். ஒரு பகுதியினர் நடுவண் பாடத்திட்டப் பள்ளிகளில் இருப்பர். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எஞ்சியவர்கள் எங்குள்ளனர் என்பதைப் பள்ளி ஆசிரியர் எவரும் சொல்வர். கட்டட வேலையில் கல் சுமக்கின்றனர். சுவருக்கு வண்ணம் பூசுகின்றனர். பட்டறைகளில் ஈருருளியைப் பழுது பார்க்கின்றனர். மணநாள் மிகுந்த திங்கள்களில் என் வகுப்பில் ஆண்பிள்ளைகளின் இருக்கைகள் வெறுமையாகக் கிடக்கும். திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போயிருப்பார்கள். ஒரு நாளைக்குச் சில நூறு உருவா, விருந்துணவும் உண்டு. அப்பணத்தின் சுவை தெரிந்த பிள்ளை மறுவாரம் இலக்கண வகுப்பிற்கு எதற்கு வருவான்? முதலில் மணநாள்களில் வரமாட்டான். பின்னர்த் திங்கட்கிழமை வரமாட்டான். பின்னர் வரவே மாட்டான். 2023-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முதல் நாளில், ஏறத்தாழ 50,000 பேர் வராமற்போனது உங்கட்கு நினைவிருக்கும். அன்று நடந்தது தமிழ்த் தேர்வு. தமிழ்மொழிக்காகக் கூட்டம் போடுகின்ற நாம், அவ்வைம்பதினாயிரவரைத் தேடி ஒரு கூட்டமும் போடவில்லை.

எனவே, தேர்ச்சி விழுக்காட்டில் தோன்றும் மூன்றரைப் புள்ளி வேறுபாடு வேறுபாட்டின் சிறு நுனியே. தேர்வெழுதித் தவறியோர் அவ்வாண்டில் மாணவியர் 13,844 பேர். மாணவர் 25,508 பேர். தவறியவனுக்காவது ஒரு தேர்வெண் உண்டு. துணைத்தேர்வு எழுதலாம். வாராதவனுக்கு எண்ணே இல்லை. விழுக்காட்டுக் கணக்கில் அவன் பிறக்கவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ஆண்பிள்ளை கெட்டுப்போவதற்கு மதுக்கடையும் திரைப்பட மயக்கமும் கைப்பேசியுமே கரணியம் என்பது நம் மேடைகளில் எளிதாகக் கைதட்டல் பெறும் பேச்சு. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் மதுக்கடைக்குப் போகும் பதினாறு அகவைப் பிள்ளைக்கு அங்கே போகும் பணம் எங்கிருந்து வந்தது? கூலியிலிருந்து வந்தது. அவனைக் கூலிக்கு அனுப்பியது எது? வீட்டு வறுமையும், ஆண்பிள்ளை எப்படியாவது பிழைத்துக்கொள்வான் என்னும் நம் பொறுப்பின்மையும். எங்கே போகின்றாய், யாரோடு போகின்றாய், எப்பொழுது வருவாய் என்று அவனை எவரும் கேட்பதில்லை. இதற்கு நாம் விடுதலை என்று பெயர் வைத்திருக்கின்றோம். அது விடுதலை அன்று, கைவிடுதல்.

பெண்பிள்ளைக்கோ அதற்கு நேர்மாறு. பள்ளி விட்டால் வீடு; வீடு விட்டால் பள்ளி. தெருவில் நின்றால் குற்றம், சிரித்தால் குற்றம், கைப்பேசியைத் தொட்டால் பெருங்குற்றம். வீட்டாரோடு சண்டையிடாமல் அவளுக்குக் கிடைக்கின்ற ஒரே வெளி பாடநூல்தான். படிக்கின்றேன் என்று சொன்னால் ஏனம் துலக்குவதிலிருந்து அரைமணி நேரம் விடுதலை. தேர்ச்சி பெறாவிட்டால் அடுத்த தையில் திருமணம் என்பது அவளுக்குத் தெரியும். எவரும் சொல்லாமலே தெரியும். அவன் தவறினால் ஒரு வேலை போகும். அவள் தவறினால் வாழ்வே முடிவாகிவிடும். இத்தகைய நிலையில் நிறுத்தப்பட்டவள் ஐந்து மதிப்பெண் கூடுதலாகப் பெறுவதில் வியப்பென்ன? அம்மதிப்பெண்ணில் அவள் அறிவும் இருக்கின்றது. அவள் அச்சமும் இருக்கின்றது. அறிவுக்கு மட்டும் மாலை சூட்டிவிட்டு அச்சத்தைப் பேசாமல் விடுவது முறையாகாது.

அடுத்து நான் சொல்லப் போவது உங்களுட் சிலர்க்கு உவப்பாக இராது. பொறுத்தருள்க.

நம் உணர்வாளர் வீடுகளையே எடுத்துக்கொள்வோம். மேடையில் தமிழ்வழிக் கல்வி என்று முழங்குகின்றோம். வீட்டில் மகன் ஆங்கிலவழித் தனியார் பள்ளியில். மகள் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். நான் ஒருவரைக் கேட்டேன், பெயர் வேண்டா, நல்ல தமிழ்ப் பற்றாளர். மகளை எங்கே சேர்த்துள்ளீர்கள் என்றேன். தமிழ்வழியில் ஐயா என்று பெருமையோடு சொன்னார். மகனை என்றேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அவன் நாளைக்கு வெளியூர் போய்ப் பிழைக்க வேண்டியவன் ஐயா என்றார். அவ்விடையில் எல்லாம் அடங்கிவிட்டது. அவர் மகளைத் தமிழ்வழியில் சேர்த்தது தமிழுக்காக அன்று. செலவு குறைவு என்பதற்காக. மகள் பிழைக்க வேண்டியவள் அல்லள், வாழ்க்கைப்பட வேண்டியவள் என்பதற்காக. அம்மகள் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றால், பாருங்கள் தமிழ்வழியின் வெற்றியை என்று நாம் அவளையே சான்றாகக் காட்டுகின்றோம். தமிழ்வழியில் கற்றவள் சிறப்பாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மொழிக்காகச் சேர்த்தோம் என்று பொய் சொல்லி அவள் வெற்றியை நாம் பறித்துக்கொள்ளலாகாது. மகனையும் அதே வகுப்பில், அதே பலகையில் உட்கார வையுங்கள், அதன்பின் பேசுவோம்.

இனித் தேர்வுக்குப் பின் நிகழ்வது. இங்கேதான் கணக்குத் திசைமாறுகின்றது.

மாணவியர் மிகுந்த மதிப்பெண் பெறத் தொடங்கியதும் பிற நாட்டார் என்ன செய்தனர் என்பதை முதலில் பார்ப்போம். இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், பதினோர் அகவையில் தேர்வு வைத்து உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தனர். பல ஊர்களில் ஆண்பிள்ளைகளுக்கு இடங்கள் மிகுதி, பெண்பிள்ளைகளுக்குக் குறைவு. அதனால் அதே பள்ளிநிலையை அடையப் பெண் ஆணினும் மிகுந்த மதிப்பெண் பெற வேண்டியதாயிற்று. இது முறையன்று என்று பர்மிங்காம் நகராட்சிக்கு எதிராக அந்நாட்டின் மேலவை அறமன்றம் தீர்ப்பளித்தது 1989-இல்தான். சப்பான் நாட்டில் இதனினும் வெட்கக்கேடு நிகழ்ந்தது. தோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்ணைக் கமுக்கமாகக் குறைத்து வந்தது 2018-இல் அம்பலமாயிற்று. பெண்கள் மணமுடித்துப் பிள்ளை பெற்றபின் மருத்துவப் பணியை விட்டுவிடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட கரணியம். அதன்பின் தேர்வுகள் கண்காணிக்கப்பெற்றன. 2021-இல் அந்நாட்டு மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுகளில் பெண்களின் தேர்ச்சி ஆண்களினும் சற்று மேலேறியது. துலாக்கோலில் இருந்த விரலை எடுத்தவுடன் தட்டு தானே உயர்ந்தது.

நம் நாட்டில் அவ்வாறு எவரும் மதிப்பெண்ணைத் திருத்தவில்லை. திருத்த வேண்டிய தேவை இல்லை. திருமண அழைப்பிதழ் ஒன்றே போதும்.

நேர்மையோடு சொல்வதானால், கல்லூரி வாயில் வரை நம் பெண்கள் வந்துவிட்டனர். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை பெண்களில் 47.3 விழுக்காடு; ஆண்களில் 46.8. இந்தியச் சராசரி 28.4 தான். இதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு உண்டு: காமராசரின் பகலுணவு, 1982-இல் விரிவாக்கப்பெற்ற சத்துணவு, மிதிவண்டி, பேருந்துச் சலுகை, மாதவிலக்கு நாள்களில் பெண்பிள்ளை பள்ளியை விட்டு நிற்காதபடி செய்த சிறு ஏற்பாடுகள். 1989-இல் தொடங்கப்பெற்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தை நான் முன்பு குறை கூறியதுண்டு. படிப்புக்கு ஏன் தாலியைப் பரிசாக வைக்கவேண்டும் என்று கேட்டேன். ஆயினும் அவ்வுதவி பெறுவதற்குக் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருத்தல் வேண்டும் என்று வைத்தமையால், பல தந்தையர் மகளை இடையில் நிறுத்தாமல் விட்டனர் என்பதும் உண்மை. 2022-இல் அத்திட்டம் 'புதுமைப் பெண்' என்று மாறி, அரசுப் பள்ளியிற் படித்துக் கல்லூரியிற் சேரும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1,000 உருவா என்றாயிற்று. தாலி போய்க் கல்லூரி வந்தது, நல்ல மாற்றம். 2024-இல் ஆண்பிள்ளைகட்கும் 'தமிழ்ப் புதல்வன்' என்று அதே உதவி வந்தபோது, ஆணுக்கு எதற்கு என்று சிலர் நகைத்தனர். நான் நகைக்க மாட்டேன். ஆனால் அவ்வுதவி கல்லூரிக்கு வந்து சேர்ந்த பிள்ளைக்குத்தான். ஒன்பதாம் வகுப்பில் பந்தி பரிமாறப் போனவனை அது எட்டாது.

கல்லூரி வாயிலுக்கு உள்ளே போய்ப் பாருங்கள். எந்தப் பாடம், எந்த ஊர் என்னும் கேள்வி எழும்போது, மதிப்பெண் பட்டியலை மடித்து வைத்துவிட்டுத் தந்தை பேருந்து வழித்தடத்தைப் பார்க்கின்றார். மகள் 570 மதிப்பெண் பெற்றிருப்பாள். மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய கல்லூரியில் எந்தப் பாடம் கிடைக்குமோ அதுவே அவளுக்கு. மகன் 420 பெற்றிருப்பான். நிலத்தை அடகு வைத்தாவது அவனுக்குத் தொலைவூரில் பொறியியல். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் 2017 வரை மாணவியர் நூற்றுக்குப் பதின்மர்கூட இல்லை. 2018 முதல் மாணவியர்க்கெனக் கூடுதல் இடங்கள் ஏற்படுத்திய பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது. பள்ளித் தேர்வில் முந்துகின்றவள் அந்நுழைவுத் தேர்வில் ஏன் பிந்தினாள்? அத்தேர்வு பள்ளியில் கற்றதைக் கேட்பதில்லை. ஈராண்டு பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டிக் கற்றதைக் கேட்கின்றது. அப்பணத்தை வீட்டார் யாருக்குக் கட்டுவர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. மருத்துவத்திற்கு நடுவண் நுழைவுத் தேர்வைப் புகுத்தியபோதும் இதுவே நிகழ்ந்தது. 2017-இல் அரியலூர் மாவட்டத்துக் குழுமூர்ப் பெண் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பள்ளித் தேர்வில் 1,200-க்கு 1,176 பெற்றும் மருத்துவ இடம் பெறாமல் உயிர் துறந்தாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகட்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-இல் வந்தது. ஓராண்டு தவறினால் மறுமுறை எழுதலாம் என்பர். எழுதலாம்தான். மகன் மூன்றுமுறை எழுதலாம். மகளுக்கு இரண்டாம் முறைக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

பட்டம் பெற முடியாதவர்களும், பெற்றும் வேலை கிடைக்காதவர்களும் எங்கே போகின்றனர்? இந்தியத் தொழிலகங்களில் பணிபுரியும் பெண்களுள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் உள்ளனர். இது பெருமைக்குரிய எண் என்பர் சிலர். பெருமை பாதி, வருத்தம் பாதி. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் பதின்பருவப் பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, இறுதியில் மணச்செலவுக்கென மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன முறைக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்தனர். அடிமைமுறைக்கு மங்கலப் பெயர் சூட்டுவதென்றால் வடசொல் உடனே கிடைத்துவிடுகின்றது. 2021 திசம்பரில் திருப்பெரும்புதூர் அருகே, கைப்பேசித் தொழிற்சாலைப் பெண்கள் விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்து நெடுஞ்சாலையில் அமர்ந்தனரே, அவர்கள் யார்? பெரும்பாலோர் நம் பள்ளிகளில் தேர்ச்சி பெற்ற பெண்கள். 'வழக்கம்போல் முதன்மை' என்று செய்தித்தாள் எழுதிற்றே, அவர்கள்தாம். தேர்ச்சி விழுக்காட்டில் அவர்களை எண்ணினோம். விடுதிப் படுக்கையில் அவர்களை எண்ணவில்லை.

மேலே போகப் போக எண் சுருங்குகின்றது. 2021-இல் தேர்ந்தெடுக்கப்பெற்ற தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 பேருள் பெண்கள் 12 பேர். நம் கூட்டத்தையே பாருங்கள். மேடையில் எழுவர் இருக்கின்றோம், பெண் ஒருவர், அவரும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட வந்தவர். எதிரில் அமர்ந்திருப்போருள் பாதிப்பேர் பெண்கள்.

இவ்வளவும் பேசியபின் பெண்ணா ஆணா, எவர்க்கு இரங்குவது என்று சிலர் குழம்பலாம். குழப்பத்திற்கு இடமில்லை. ஒரே வீடுதான் இரண்டையும் செய்கின்றது. மகளைப் பூட்டி வைக்கும் கையே மகனைத் தெருவில் விடுகின்றது. பூட்டப்பட்டவள் படித்து முந்துகின்றாள், முந்தியபின் நிறுத்தப்படுகின்றாள். தெருவில் விடப்பட்டவன் பள்ளியில் பிந்துகின்றான். பிந்தியபின், படித்த மனைவி வேண்டாம் என்றோ, படித்தவள் தனக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றோ சினக்கின்றான். மகளைச் சிறிது வெளியே விடுங்கள்; மகனைச் சிறிது உள்ளே அழையுங்கள். ஏனம் துலக்குவதை இருவர்க்கும் பகிர்ந்து கொடுங்கள். அரைமணி நேரம் இருவர்க்கும் மிஞ்சும்.

கூட்டம் முடிந்ததும் வாயிலருகே பட்டம் பெற்ற மங்கையர் இருவர் ஒரு குறிப்பேட்டோடு அமர்ந்திருப்பர். அதில் இரண்டு பத்திகள் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியும் கல்லூரியிற் சேர்க்கப்படாத பெண்பிள்ளைகளின் பெயரையும் தெருவையும் முதற் பத்தியில் எழுதுங்கள். விண்ணப்பம் எழுதித் தரவும், தந்தையிடம் நேரில் போய்ப் பேசவும் அவர்கள் அணியமாக உள்ளனர். இரண்டாம் பத்தி, பள்ளியை விட்டு நின்ற ஆண்பிள்ளைகளுக்கானது. தவறியவர் துணைத்தேர்வு எழுதவும், இடையில் நின்றவர் தனித்தேர்வராக எழுதவும் வழியுண்டு. மாலையில் பாடம் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர் நால்வர் ஒப்புக்கொண்டுள்ளோம். சென்ற கூட்டத்தில் முதற் பத்தியில் பதினான்கு பெயர்கள் வந்தன. இரண்டாம் பத்தியில் ஒன்றுகூட வரவில்லை. இத்தெருக்களில் அத்தகைய பிள்ளைகள் இல்லையென்று நான் நம்பவில்லை. எழுதிவிட்டுப் போங்கள். எழுதுகோல் அங்கேயே இருக்கின்றது.